பூனைக்கண்ணுக்குக் கப்பல் காரணமா?

கீழக்கரையிலோ தொண்டியிலோ ஒரு பிள்ளை தேன் நிறக் கண்ணோடு பிறந்துவிட்டால், "இது அரபு வழி" என்று சொல்ல வீட்டுக்கு ஒரு பெரியவர் இருப்பார். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் போனால் அதுவே "பறங்கி வழி" ஆகிவிடும். பூனைக்கண் என்றாலே கப்பலில் வந்தது என்பது ராமநாதபுரம் கரையோரத்தின் பழைய முடிவு. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது, கணக்குத்தான் இடிக்கிறது. எங்கே இடிக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், கண்ணில் நிறம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கண்ணின் நடுவில் கறுப்பாகத் தெரியும் பாப்பா வெறும் துவாரம். உள்ளே போன ஒளி திரும்பி வராததால் கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதைச் சுற்றியிருக்கும் நிற வளையம்தான் கருவிழி. ரேஷன் கடையில் "கருவிழிப் பதிவு" என்கிறார்களே, அதே வளையம். பாடப்புத்தகத்தில் இதன் பெயர் ஐரிஸ். குறுக்களவு ஏறக்குறைய 12 மி.மீ., தடிமன் அரை மி.மீ. அளவுதான். இந்த மெல்லிய வளையத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு பகுதிகள். பின்பக்கத்தில் மெலனின் என்ற நிறப்பொருள் நிறைந்த இரண்டு அடுக்குச் செல்கள் இருக்கின்றன. ஸ்வீடன்காரருக்கும் சாயல்குடிக்காரருக்கும் இந்தப் பின்பக்கம் ஒரே கறுப்புதான். முன்பக்கத்தில் கொலாஜன் என்ற புரதத்தாலான நுண்ணிய இழைகள் வலைப்பின்னலாகக் கிடக்க, நடுநடுவே மெலனின் தயாரிக்கும் செல்கள் இருக்கின்றன. அந்தச் செல்களின் எண்ணிக்கைகூட ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வொரு செல்லும் எவ்வளவு மெலனினைத் தயாரித்துச் சேர்த்து வைத்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

முன்பக்கத்தில் மெலனின் நிறைய இருந்தால் கண் கரும்பழுப்பு. அதைத்தான் நாம் கறுப்புக் கண் என்கிறோம். உண்மையில் கறுப்பு நிறக் கருவிழி யாருக்கும் கிடையாது. வெயிலில் பக்கவாட்டாக ஒளி விழும்போது பார்த்தால் பழுப்பு வெளிப்பட்டுவிடும். மெலனின் குறைந்தால் தேன் நிறம். இன்னும் குறைந்து, மஞ்சள் சாயல் கொஞ்சம் மிஞ்சினால் பச்சை. மிகமிகக் குறைந்துவிட்டால் நீலம்.

ஆனால் நீலக் கண்ணில் நீலச் சாயம் துளியும் இல்லை. பச்சைக் கண்ணில் பச்சையும் இல்லை. மனிதக் கருவிழிக்கு வாய்த்த நிறப்பொருள் மெலனின் ஒன்றுதான். அதில் கரும்பழுப்பு ஒரு வகை, செம்மஞ்சள் இன்னொரு வகை. நீலம் என்பது ஒளி செய்யும் வேலை. மெலனின் இல்லாத முன்பக்கத்தில் நுழையும் ஒளியில் குறுகிய அலைநீளம் கொண்ட நீலப் பகுதி இழைகளில் பட்டு அதிகமாகச் சிதறி வெளியே திரும்புகிறது. நீண்ட அலைநீளச் சிவப்பு உள்ளே போய், பின்பக்கக் கறுப்பில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கண்ணாடித் தம்ளரில் 200 மி.லி. தண்ணீர் எடுத்து, கால் தேக்கரண்டி பால் விட்டுக் கலக்குங்கள். தம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, அறை விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். முன்னால் நின்று பார்த்தால் நீர் மெல்லிய நீலமாகத் தெரியும். டார்ச்சுக்கு நேர் எதிரே போய்ப் பார்த்தால் அதே நீர் இளமஞ்சளாக, சற்றே ஆரஞ்சாகத் தெரியும். பாலில் மிதக்கும் புரதத் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை, அதனால் நீலத்தை அதிகம் சிதறடிக்கின்றன. சோதனை பிசகுவது மூன்று காரணங்களால். பால் கூடிப்போனால் வெறும் வெள்ளைதான் தெரியும். கொழுப்பு அதிகமுள்ள எருமைப்பாலிலும் அப்படித்தான், அதன் கொழுப்புத் திவலைகள் பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடித்துவிடும். ஆடை எடுத்த பால் நல்லது. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தாலும் நீலம் காணாமல் போகும். கடைசியாக, அதே தம்ளரில் டீ டிகாஷனைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சிதறிய நீலத்தை டிகாஷன் உறிஞ்சிக்கொள்ள, நீர் பழுப்பாகிவிடும். ராமநாதபுரத்துக் கண்களில் நடப்பது இதுதான்.

நீலக் கண்ணுக்குக் கடலை உவமை சொல்லும் பழக்கம் உண்டு. அறிவியலுக்கு அது ஒட்டாது. கடலின் நீலத்துக்கு முக்கியக் காரணம், தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவது. தனுஷ்கோடி முனையில் ஆண் கடலும் பெண் கடலும் வேறு வேறு நிறமாகத் தெரிவதில் ஆழத்துக்கும் கலங்கலுக்கும் பங்கு உண்டு. வானத்தின் நீலம்தான் நீலக் கண்ணுக்கு நெருங்கிய உறவு.

சரி, மெலனின் கூடுவதையும் குறைவதையும் தீர்மானிப்பது எது? 15-ஆம் குரோமோசோமில் ஓசிஏ2 என்று ஒரு ஜீன் இருக்கிறது. மெலனின் தயாராகும் சிறு பைகளுக்குள் அமிலத்தன்மை ஏறாமல் பார்த்துக்கொள்ளும் புரதத்தை அது உண்டாக்குகிறது. அமிலம் ஏறிவிட்டால் மெலனினை உருவாக்கும் நொதி மந்தமாகிவிடும். இந்த ஓசிஏ2-வுக்கான சுவிட்ச், பக்கத்து ஜீனான ஹெர்க்2-வுக்குள் இருக்கிறது. அந்தச் சுவிட்சில் ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து 'ஏ' என்று இருந்தால் ஓசிஏ2 நன்றாக வேலை செய்யும், கண் பழுப்பாகும். தாய் வழி, தகப்பன் வழி இரண்டு பிரதியிலும் அந்த எழுத்து 'ஜி' ஆகிவிட்டால் உற்பத்தி சரிந்து, பெரும்பாலும் கண் வெளிறும். 2008-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் ஐபெர்க் குழு, நீலக் கண்ணர்கள் அனைவருக்கும் இந்த மாற்றம் ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்றும், அது நடந்தது 6,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன் என்றும் மதிப்பிட்டது. இத்தாலியில் கிடைத்த, சுமார் 14,000 ஆண்டு பழைய எலும்பிலும் அதே எழுத்து மாற்றம் பின்னர் தென்பட்டதால், காலக்கணக்கை இன்னும் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது.

இந்த ஒரு சுவிட்சோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஐரோப்பியர், ஆசியர் என ஏறக்குறைய 1,95,000 பேரின் மரபணுத் தகவலை வைத்து 2021-இல் வெளியான ஆய்வு, கண் நிறத்தோடு தொடர்புள்ள 61 இடங்களைக் காட்டியது. நமக்கு அதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. ஐரோப்பியரிடம் நீலத்தையும் பழுப்பையும் பிரிக்கும் ஜீன்கள் பல, ஆசியரிடம் இளம்பழுப்பையும் கரும்பழுப்பையும் பிரிக்கின்றன. எல்லாரும் கறுப்புக் கண்ணர்கள் என்று நாம் ஒரே கூடையில் போடும் ஊரிலும் உள்ளுக்குள் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. கூர்ந்து பார்ப்பதில்லை, அதனால் தெரிவதில்லை.

இப்போது கப்பலுக்கு வருவோம். இந்தக் கரைக்கு அரபு வணிகம் பல நூற்றாண்டுப் பழமை கொண்டது. போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே முத்துக்குளித்துறைக் கரைகளில் காலூன்றினார்கள். டச்சுக்காரர்கள் 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கலப்பு நடந்தே இருக்காது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 1550 வாக்கில் வந்த ஒரு போர்த்துகீசிய மாலுமியை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைமுறைக்கு 28 ஆண்டு என்றால் இன்றைக்குப் 17 தலைமுறை. 17 தலைமுறைக்கு மேலே ஒருவருக்கு மூதாதை இடங்கள் 1,31,072. அதில் ஒரு இடம் அந்த மாலுமியுடையது. டி.என்.ஏ. துண்டு துண்டாகத்தான் கைமாறுகிறது, துண்டுகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு; பத்துத் தலைமுறை தாண்டினாலே பெரும்பாலான மூதாதையரிடமிருந்து ஒரு துண்டுகூட வந்து சேராது. வந்த துண்டில் அந்த ஓர் எழுத்து இருக்க வேண்டும், அது தாய் வழியிலும் இருக்க வேண்டும், தகப்பன் வழியிலும் இருக்க வேண்டும். நடக்காது என்றில்லை, குறிப்பாக ஊருக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சிறு கிராமங்களில். ஆனால் முதல் விளக்கமாக எடுத்து வைக்கத் தகுதியானது இல்லை.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். அரபு நாட்டிலேயே பெரும்பாலோருக்குப் பழுப்புக் கண்தான். போர்த்துகலிலும் பழுப்பே மிகுதி. வந்தவர் கண்ணே கறுப்பாக இருந்திருக்க, பூனைக்கண்ணை அவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்? அந்த 'ஜி' எழுத்து ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே துணைக்கண்டத்தில் இருந்திருக்கிறது. வடமேற்கில் அதிகம், தெற்கே வர வரக் குறைந்தாலும் இல்லாமல் போகவில்லை. தவிர, இங்கே பூனைக்கண் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பான்மை நீலம் அல்ல, இளம்பழுப்பும் தேனும்தான். அதற்கு ஹெர்க்2 மாற்றம்கூடத் தேவையில்லை. மற்ற ஜீன்களின் சிறு சிறு மாற்றங்கள் ஒன்றுகூடினாலே போதும்.

"கறுத்த மேனியில் பூனைக்கண் எப்படி?" என்று வியப்பவர்கள் உண்டு. தோலுக்கும் கண்ணுக்கும் மெலனின் பொது என்றாலும் சுவிட்சுகள் பெரும்பாலும் தனித்தனி. தோல் நிறத்தில் பெரிய பங்கு வகிக்கும் எஸ்எல்சி24ஏ5 வேறு ஜீன். ஸ்பெயினில் கிடைத்த சுமார் 7,000 ஆண்டு பழைய எலும்புக்கூடு ஒன்றின் மரபணுவை 2014-இல் படித்தபோது, அந்த ஆளுக்குக் கறுத்த தோலும் நீலக் கண்ணும் இருந்திருக்க வேண்டும் என்று தெரியவந்தது. ஐரோப்பாவிலேயே அப்படி என்றால் ஏர்வாடியில் ஒரு கறுத்த பிள்ளைக்குத் தேன் கண் இருப்பதில் அதிசயம் எதுவும் இல்லை.

இதைவிட விபரீதமானது, கண்ணைப் பார்த்துத் தகப்பனைச் சந்தேகிப்பது. இதன் வேர் 1907-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் தம்பதியர் முன்வைத்த எளிய விதி: பழுப்பு ஓங்கும், நீலம் ஒடுங்கும். பாடப்புத்தகங்கள் அதை விடாமல் சுமந்துவந்தன. அந்த விதிப்படியே பார்த்தாலும், கறுப்புக் கண் கொண்ட தாயும் தகப்பனும் மறைந்த மாற்றத்தை ஆளுக்கு ஒரு பிரதி சுமந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்குக் கண் வெளிறலாம். உண்மையில் பல ஜீன்கள் சேர்ந்து விளையாடுவதால், நீலக் கண் பெற்றோருக்குப் பழுப்புக் கண் பிள்ளை பிறப்பதும் நடக்கிறது. கண் நிறம் தந்தைமைக்குச் சாட்சி ஆகாது.

சொந்தத்தில் கட்டுவதற்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆளுக்கொரு பிரதியாக மறைந்து கிடக்கும் மாற்றங்கள் சந்திக்கும் வாய்ப்பு அங்கே கூடும். உதாரணத்துக்கு, ஊரில் நூறு பிரதிக்கு ஒன்றில் இருக்கும் ஒடுங்கு மாற்றம் (இரண்டு பிரதியிலும் இருந்தால்தான் வெளிப்படுவது) ஒன்றை வைத்துக்கொள்வோம். அசலில் கட்டினால் 10,000 பிள்ளைகளில் ஒருவருக்கு அது வெளிப்படும். மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டினால் ஏழு பேருக்கு. அக்கா மகளைக் கட்டினால் சுமார் 13 பேருக்கு. வெறும் தேன் நிறக் கண் என்றால் இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. பிறவியிலேயே நிறம் வெளுத்துப்போகும் அல்பினிசம் என்றால் கதை வேறு. ஓசிஏ2 பலவீனமாக வேலை செய்தால் நிறம் வெளிறும். அறவே பழுதானால் அல்பினிசத்தின் ஒரு வகை வரும். அப்போது கருவிழியின் பின்பக்கக் கறுப்பும் குறைந்துபோகும், ஒளி தடையில்லாமல் உள்ளே பாயும். கண் இங்குமங்கும் ஆடிக்கொண்டிருக்கும், வெயில் கூசும், விழித்திரையின் மையம் சரியாக வளராததால் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் தெளியாது. முடியும் தோலும் வெளுத்து, கண் ஆடினால் அது பூனைக்கண் அல்ல. இப்படிப்பட்ட பிள்ளைக்கு வகுப்பில் முதல் வரிசை, அகல விளிம்புத் தொப்பி, நிறக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை நான்கும் வேண்டும். கடற்கரை வெயிலில் தோல் புற்றுநோய் இவர்களுக்கு நிஜமான ஆபத்து.

பிறவியிலேயே பளிச்சென்ற நீலக் கண், அல்லது ஒரு கண் நீலம் மறு கண் பழுப்பு என்று இருந்தால் அழகு என்று விட்டுவிடாமல் காதுப் பரிசோதனை செய்துவிடுங்கள். நெற்றியில் ஒரு கற்றை வெள்ளை முடியும் சேர்ந்திருந்தால் இன்னும் அவசரம். வார்டன்பர்க் குறைபாடு என்பது இது. கண்ணுக்கும் உள்காதுக்கும் நிறச் செல்கள் கருவில் ஒரே ஊற்றிலிருந்து புறப்பட்டு வருபவை, வழியில் தடைப்பட்டால் இரண்டும் பாதிக்கும். காது கேளாமையை ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பேச்சைக் காப்பாற்ற முடியும். ஒரு கண் வெளிறி, அதே பக்க இமை தொங்கி, பாப்பாவும் சிறுத்திருந்தால் அது நரம்புக் கோளாறு. குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கறுப்புக் கண்ணுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை மீனவர்களிடம் இருக்கிறது. பாதி உண்மை. கூச்சம் குறையும், கண்ணுக்குள் வரும் ஒரு வகைப் புற்றுநோயும் அரிது. ஆனால் கடலோடிகளை வாட்டும் சதை வளர்ச்சி கருவிழியில் வருவதில்லை; வெள்ளை விழியின் மேல்தோலில் தொடங்கி நடுவை நோக்கி ஊர்கிறது. புரை விழும் லென்ஸ், பாப்பாவுக்கு நேர் பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் கருவிழியின் மெலனின் மறைப்பு ஆகாது. உலர்ந்த கடல் மணல் சுமார் 15 சதவீதப் புற ஊதாக் கதிரையும், அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும், ஆகவே தொப்பி மட்டும் போதாது. 'யூவி 400' என்று குறித்த, பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி வேண்டும். யூவி தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடியை வாங்காதீர்கள். இருட்டில் பாப்பா விரியும், கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகும்.

மெலனின் நமக்கு வேறொரு வேடிக்கையும் காட்டுகிறது. கடலில் பாசி எடுக்கும் பெண்களுக்கும் வலை இழுப்பவர்களுக்கும் விரல் ரேகை தேய்ந்துபோவதால், கருவிழிப் பதிவுதான் கைகொடுக்கிறது. இவ்வளவு கறுத்த கண்ணில் கருவி எதைப் படிக்கிறது? சாதாரண ஒளியில் அல்ல, 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பில் படிக்கிறது. அலைநீளம் கூடக் கூட மெலனின் உறிஞ்சுவது குறையும். நமக்குக் கறுப்பாகத் தெரியும் கருவிழி அந்தக் கேமராவுக்குச் சாம்பல் நிறத்தில், குழியும் மடிப்பும் இழையுமாகத் துலங்கிவிடும். பதிவு தோற்றால் காரணம் நிறமாக இருக்காது. கலர் லென்ஸ் போட்டிருக்கலாம், இமை பாதி மூடியிருக்கலாம், முகத்தில் நேர் வெயில் அடிக்கலாம், சதை வளர்ந்து மறைக்கலாம். கண் முகாமில் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்ட அன்று பதிவுக்குப் போகாதீர்கள். வளையம் ஒடுங்கிக் கிடக்கும். சாதாரணச் சொட்டு மருந்து சில மணி நேரத்தில் தெளியும், அட்ரோபின் என்றால் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

கலர் லென்ஸ் பற்றி ஒரு வார்த்தை: அளவு பார்க்காமல் ஃபேன்ஸி கடையில் வாங்காதீர்கள், ஒருவர் போட்டதை இன்னொருவர் போடாதீர்கள், அதைப் போட்டுக்கொண்டு கடலிலோ அக்னி தீர்த்தத்திலோ முங்காதீர்கள். நீரில் உள்ள அமீபா லென்ஸுக்கு அடியில் தங்கினால், கருவிழிக்கு முன்னால் கண்ணாடி போல மூடியிருக்கும் கார்னியாவே புண்ணாகிப் பார்வை போகும்.

வளர்ந்த பிறகு நிறம் மாறினால்தான் உண்மையில் யோசிக்க வேண்டும். ஐரோப்பியக் குழந்தைகள் நீலக் கண்ணோடு பிறந்து முதல் ஆண்டிலேயே பழுப்பாவது இயல்பு. நம் பிள்ளைகள் பெரும்பாலும் பழுப்போடுதான் பிறக்கிறார்கள். முதியவர்களின் கருவிழி விளிம்பில் தோன்றும் சாம்பல் வளையம் கார்னியாவில் படிந்த கொழுப்பு, தொந்தரவு இல்லை. 40 வயதுக்குள் வந்தால் கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டும். கண் நீர் அழுத்தத்துக்கு விடும் லடானோபிராஸ்ட் சொட்டு மருந்து, தேன் நிறக் கண்ணை மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கருக்க வைக்கும். மருந்தை நிறுத்தினாலும் பழைய நிறம் திரும்பாது, ஆபத்தும் இல்லை. ஒரே கண்ணுக்கு விடுபவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. படகுப் பட்டறையில் சுத்தியலும் உளியும் கொண்டு துரு தட்டும்போது தெறிக்கும் இரும்புத் துணுக்கு கண்ணுக்குள் தங்கிவிட்டால், சில மாதம் கழித்து அந்தக் கருவிழி துருப்பழுப்பாக மாறும். பாப்பா விரிந்தே நிற்கும், பார்வை மங்கும். இப்படிச் சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன்தான், எம்.ஆர்.ஐ.க்குள் போகக் கூடாது, காந்தம் துணுக்கை இழுத்துக் கண்ணைக் கிழித்துவிடும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது நிற வளையத்தில் இல்லை, பாப்பாவில் இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் பாப்பா பூனையினுடையது போல வெள்ளையாக மின்னினால், அது விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம். மங்கலான அறையில் பிள்ளையைக் கேமராவை நேராகப் பார்க்க வைத்து, ஃபிளாஷ் போட்டு, சிவப்புக் கண் நீக்கும் வசதியை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள். இரண்டு பாப்பாவும் சிவப்பாக வந்தால் சரி. பிள்ளை ஓரமாகப் பார்த்திருந்தால் நரம்பு முனை பட்டு ஒரு கண் வெளுப்பாகத் தெரிவதும் உண்டு, ஆகவே இரண்டு மூன்று படம் எடுத்துப் பாருங்கள். மறுபடியும் வெள்ளை விழுந்தால், அல்லது அந்தக் கண் மாறுகண்ணாகவும் இருந்தால், மந்திரிக்க, எண்ணெய் விட என்று நாள் கடத்தாமல் அந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கோ மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். செல்போனில் எடுத்த படத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது சிறு வயதில் கண் எடுக்கப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.